தொண்ணூறு தாண்டியவர்களின் சுவர்

அந்த வீட்டில் தொண்ணூறு வயதுக்கு முன்னால் சாவது மரியாதைக் குறைவு. யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கூடத்துச் சுவரை ஒருமுறை பார்த்தால் போதும், விளங்கிவிடும். வரிசையாகப் புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் தேக்குச் சட்டம், உள் ஓரத்தில் பொன்னிறக் கோடு. மாட்டப்பட்டிருந்த அத்தனை பேரும் தொண்ணூறைத் தாண்டியவர்கள். தாண்டாதவர்களுக்கு அந்தச் சுவரில் இடம் கிடையாது. மருமகளான அவளுடைய மாமியார் எழுபதிலேயே போய்விட்டதால் அந்த அம்மாளுக்கும் கிடைக்கவில்லை. காலமெல்லாம் அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைத்தவள். அவள் படம் உள் அறையில் அலமாரிக்கு மேல் தூசி படிந்து சாய்ந்திருந்தது. இது என்ன நியாயம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

தாண்டிவிட்டால் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உயிரோடு இருக்கும்போதே சுவரேறலாம். மாமனாருக்கு இப்போது தொண்ணூற்று நான்கு. தன் படத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் டீ குடிப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். கிழவர் அதைக் கவனித்தாலும் கண்டுகொள்ள மாட்டார். டீயை முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சின்னத் தகர டப்பியை எடுத்து, வாய் மணக்கும் மிட்டாய் ஒன்றைப் போட்டுக்கொள்வார். பேத்தி சின்னவளாக இருந்தபோது அதில் ஒன்று கேட்டுத் தரையில் புரண்டு அழுதிருக்கிறாள். மனுஷன் கொடுக்கவே இல்லை. அப்படி ஒரு கஞ்சத்தனம்.

அவர் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் தனியாக இருந்தது. அது அவர் மகனுடைய, அதாவது மருமகளான அவளுடைய கணவனின் ஆணி. முப்பது வயதிலேயே தனக்கென்று அடித்துவைத்துவிட்டான் மகராசன், இப்போது ஐம்பத்தேழு. அதுவரை சும்மா கிடப்பானேன் என்று கடைச் சாவிக்கொத்தை அதில் மாட்டிவைப்பான்.

"எனக்கு இன்னும் முப்பத்து மூணு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் சாவி தொங்கட்டும்."

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கும் ஒரு காலத்தில் வந்தது.

அவள் பிறந்த வீட்டுக் கதை வேறு. அம்மா ஐம்பத்தொன்றில் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் ஐம்பத்து நான்கில் போனான். கல்யாணப் பேச்சின்போதே அம்மா போன விவரத்தை விசாரித்துத் தெரிந்துகொண்ட மாமனாரின் அக்கா, "பொண்ணு நல்ல பொண்ணுதான், வாரண்டிதான் கம்மி" என்றாளாம். அது இன்றுவரை வீட்டில் ஓடுகிற நகைச்சுவை. அந்த அத்தை தொண்ணூற்றெட்டு வரை இருந்துவிட்டுப் போனாள். சுவரில் இப்போதும் அதே எடைபோடும் பார்வையோடு இருக்கிறாள்.

அவர்கள் தொழில் படத்துக்குச் சட்டம் போடுவது. தரைத்தளத்தில் கடை, மூன்றாம் மாடியில் வீடு, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். கணவன் மரம் அறுத்து மூலை சேர்ப்பான். அவள் கண்ணாடி வெட்டி, பின்பக்கம் அட்டை வைத்து டேப் ஒட்டுவாள். அதனால் அவளுக்கு அவன் வைத்த பெயர் கண்ணாடி. எடுக்கும்போதும் பார்த்து, வைக்கும்போதும் பார்த்து. தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் தேக்கு. "தேக்க எந்தப் பூச்சியும் அரிக்காது" என்று சொல்லிக்கொண்டே, தட்டில் இருக்கும் வறுத்த கறியை ருசிகூடப் பார்க்காமல் மேலே உப்பைத் தூவுவான். சாப்பிட்டு எழுந்தால் சிகரெட். கண்ணாடிக்கோ காலையில் நடை, அரை உப்பு, வருஷா வருஷம் முழுப் பரிசோதனை. அவளுக்குப் பிறகு சிரமப்படக்கூடாதென்று அவன் டீ போடக்கூடக் கற்றுக்கொண்டிருந்தான். பாசத்தில்தான் கற்றுக்கொண்டான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தான் செத்த பிறகு குடிக்கப்போகும் டீயை ஒருவன் தன் எதிரிலேயே ஒத்திகை பார்த்தால் எவளுக்குத்தான் எரிச்சல் வராது?

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். உடம்பைக் கவனி என்று போனில் சொன்னால், "எனக்கு அப்பா மூக்கும்மா, அப்பா ரத்தம். நீ உன்னைப் பாத்துக்கோ" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் ஒரு நாள் சீட்டி பாதியில் நின்றது.

கணவனுக்குப் படியேறும்போது சீட்டியடிக்கும் பழக்கம். கீழ்ப்படியில் ஆரம்பித்தால் மூன்றாம் மாடிக் கதவு வரை விடாமல் வரும். அவள் சமையலறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அன்று இரண்டாம் மாடி வரை வந்த சீட்டி அங்கேயே அறுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெறும் காலடி மட்டும் வந்தது.

"என்னங்க, நடுவுல நின்னுட்டீங்க?"

"செருப்பு வார் அறுந்துடுச்சு."

அவள் செருப்பைப் பார்த்தாள். வார் கிண்ணென்று இருந்தது. மறுநாளும் அதே இடத்தில் நின்றான். கேட்டதற்கு, பல்பு எரிகிறதா என்று பார்த்தானாம். அதற்கடுத்த முறை, இரண்டாம் மாடி வீட்டு நாயோடு பேசிக்கொண்டிருந்தானாம். அந்த வீட்டில் நாயே கிடையாது.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் கண் அவன் கையிலேயே நின்றது. சட்டத்தை அழுத்திப் பிடிக்கும்போது இடது தோளை நீவிவிட்டுக்கொள்கிறானா, ஒரு மூலையை அடித்துவிட்டு இன்னொரு மூலைக்குப் போவதற்குள் மூச்சை இழுத்து விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு கண்ணாடியைக் கோணலாக வெட்டி வீணாக்கினாள். மேலே போனால் காது படிக்கட்டிலேயே இருந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமே" என்பாள்.

"யாருக்கு, உனக்கா? போன மாசம்தானே பாத்தோம்?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா!" என்று வாய்விட்டுச் சிரிப்பான். "அந்தச் சுவத்தைப் பாருடி. யாராவது எறங்கி வந்து, டாக்டர்கிட்ட போடான்னு சொல்றாங்களா?"

போன மாதம் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய வருஷாந்திரப் பரிசோதனைக்குத் துணையாக அவனும் வந்திருந்தான். டாக்டரம்மா அவள் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்க. உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தடவை பாத்துடலாமா?" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "உங்க குடும்பத்துல யாருக்காவது நெஞ்சுவலி, மாரடைப்பு இருந்திருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க குடும்பத்துலயா? எங்க அப்பாவுக்குத் தொண்ணூத்து நாலு, டாக்டர். அத்தை தொண்ணூத்தெட்டு. தாத்தா தொண்ணூத்தாறு. எங்ககிட்ட வர்றதுக்கு சாவுக்கே வழி தெரியாது."

"பரம்பரை கொஞ்சம் குடுக்கும்ங்க. மிச்சத்தை நாமதான் காப்பாத்திக்கணும். சிகரெட் புடிக்கறீங்க, வாசனை இங்க வரைக்கும் வருது."

"அந்தப் பட்டையை இவளுக்கே இன்னொரு வாட்டி கட்டுங்க. எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து வெளியே போய்விட்டான். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போலத்தான்.

கடைசியில் அவள் மாமனாரிடமே போனாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் மகன் கேட்பான் என்று ஒரு நப்பாசை. கிழவர் அப்போதுதான் படியில் இறங்கி ஏறிவிட்டு வந்திருந்தார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மூன்று மாடியும் இறங்கி ஏறுவார். பொழுது போகாமல் செய்கிறார் என்பது மகனின் கருத்து. சாப்பாடும் அப்படித்தான், கால் வயிற்றுக்கு. மாதம் ஒருமுறை பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று தனியாகப் பஸ் ஏறுவார். அந்தச் சிநேகிதரை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

"மாமா, அவருக்கு உடம்பு சரியில்ல. படியில நிக்குறாரு. நீங்க சொன்னா டாக்டர்கிட்ட வருவாரு."

கிழவர் டப்பியை எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை. "அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம வம்சத்துல யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"உங்க கூடப் பொறந்தவங்க எல்லாரும் அப்படித்தானா மாமா?"

"அக்கா இருக்கா பாரு சுவத்துல."

"சின்ன மாமா?"

"அவன் வெளியூர்ல வண்டி மோதிப் போனான். விபத்தெல்லாம் கணக்குல வராது." நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "போய் வேலையப் பாரும்மா."

அவள் வேலையைத்தான் பார்த்தாள். வேறென்ன செய்வது? ஆத்திரத்தில் துணியை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். தாத்தா படத்தின் பின்கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. எப்போது வேண்டுமானாலும் அறுந்து விழும் என்று அதைக் கழற்றி இறக்கினாள். இறக்கியதும் கையில் கனம் உறைத்தது. அந்த அளவுச் சட்டத்தை அவள் எத்தனையோ போட்டிருக்கிறாள். ஒரு படம், ஒரு கண்ணாடி, ஒரு அட்டை. இதற்கு இத்தனை கனம் வராது. பின்பக்க டேப் காய்ந்து சருகாகியிருந்தது, நகத்தால் தொட்டதும் உரிந்துவந்தது. அட்டையை எடுத்தாள். தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு படம், கெட்டி அட்டையில் ஒட்டியது, முகம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

திருப்பிப் பார்த்தாள். கோடுபோட்ட சட்டை, நாற்காலியின் முதுகில் ஊன்றிய கை, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. காதைப் பார்த்ததும் படத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். கணவனிடமும் இருக்கும், மேல் நுனி மடங்கிய அந்தக் காதைத்தான் கல்யாணமான நாள் முதலாக அவள் கேலி செய்துகொண்டிருக்கிறாள்.

"அதை உள்ள வெச்சுடு" என்றது பின்னாலிருந்து கிழவரின் குரல்.

"யாரு மாமா இது?"

கிழவர் ஜன்னலோரத்திலிருந்து வந்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன். இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான். நாப்பத்தெட்டு வயசு. கடையில நின்னு ஒரு சட்டத்துக்கு மூலை சேத்துக்கிட்டு இருந்தான், நின்னவாக்குலேயே சரிஞ்சான். நான்தான் புடிச்சேன்."

"நெஞ்சா?"

"அப்படித்தான் சொன்னாங்க." கிழவரின் கை சட்டைப் பைக்குப் போய், எதையும் எடுக்காமல் திரும்பிவந்தது. "அவன் படத்தை இந்தச் சுவத்துலதான் மாட்டினோம். எங்க அப்பா சாப்பிட உக்காருவாரு, நிமிந்து பாப்பாரு, எந்திரிச்சுப் போயிடுவாரு. தட்டு அப்படியே கெடக்கும். ஒரு நாள், 'போனவனைப் பாத்துக்கிட்டே என்னால இருக்க முடியாதுடா, இருந்து அனுபவிச்சவங்களை மட்டும் மாட்டுங்கடா'ன்னாரு. கழட்டிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. அவருக்குத் தொண்ணூறு ஆனப்ப அவர் படத்துக்கு நான்தான் சட்டம் போட்டேன். அப்பன் முதுகுக்குப் பின்னாலேயே புள்ளை இருக்கட்டும்னு வெச்சுட்டேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் சோறு இறங்காமல் சொன்ன வார்த்தை, மூன்று தலைமுறைக்குள் பெருமையடிக்கும் சட்டமாகிவிட்டது. அதை நம்பி ஒருவன் உப்பை அள்ளித் தூவிக்கொண்டிருக்கிறான்!

"இதை அவர்கிட்ட சொல்லுங்க மாமா. இப்பவே."

"என் வாயால சொல்ல மாட்டேன். அவன் அந்த நம்பிக்கையிலதான் நடமாடுறான்."

"எங்க நடமாடுறாரு? ரெண்டாவது மாடியில நிக்குறாரு!"

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியாதா? வர வர இவன் அண்ணனாட்டமே ஆயிட்டு வர்றான். நான் அவன் மூஞ்சியை நேரா பாத்து எத்தனையோ வருஷமாச்சு. சாப்பிடறப்ப தலையைக் குனிஞ்சுக்கறேன்."

"குனிஞ்சுக்கிட்டா சரியாப் போயிடுமா? அப்ப நானே சொல்றேன்."

"நீ சொன்னா நம்ப மாட்டான். நீ பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்கினவ."

அது உண்மைதான். கண்ணாடி எது சொன்னாலும் அது கண்ணாடியின் பயம். அவளுக்குப் பேசிப் பயனில்லை என்று புரிந்தது. படத்தைப் பழையபடி தாத்தாவுக்குப் பின்னால் வைத்தாள், அட்டையைச் சும்மா சாத்தினாள், சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். கிழவர் ஏதோ கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

கணவன் வேலை மேசையில் மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தான். வாயோரம் சிகரெட்.

"தாத்தாவை எதுக்குடி கீழ கொண்டாந்தே?"

"கம்பி இத்துப்போச்சு. டேப்பும் போயிடுச்சு. மாத்திக் குடுங்க."

"டேப் வேலை உன்னுதாச்சே?"

"எனக்குக் கை சரியில்ல."

அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவன் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, பல்லிடுக்கில் சீட்டியடித்தபடி அட்டையை நீக்கினான். உள்ளே இருந்ததை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். சிரித்தான்.

"அட, இது எப்ப எடுத்தது? இந்தச் சட்டை எனக்கு ஏது?"

அவள் மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இறங்கி வந்திருந்தாள். அவன் சிரிப்பைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று. அவனோ படத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியை ஞாபகமில்லை என்றான், இவ்வளவு முடி எப்போது இருந்தது என்றான். அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது. மூன்று மாடியையும் எங்கும் நிற்காமல் இறங்கி, கிழவர் கடை வாசலில் வந்து நின்றார். மூச்சுகூட வாங்கவில்லை.

"அது நீ இல்லடா. உன் பெரியப்பா."

"எனக்கு ஏது பெரியப்பா?"

"இருந்தான். நாப்பத்தெட்டுல போயிட்டான். இப்ப நீ நிக்கிற இடத்துலதான் விழுந்தான். நெஞ்சு."

கணவன் தன்னையறியாமல் ஓர் அடி தள்ளி நின்றான். சிகரெட் வாயிலிருந்து மரத்தூளில் விழுந்தது, அவள்தான் அவசரமாக மிதித்து அணைத்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"உனக்கும் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரியும்."

"என்ன விளையாட்டுடா இது!" யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன், தேக்கு தேக்குன்னு! ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்! ஒருத்தராவது வாயைத் தொறந்தீங்களா? இன்னும் எத்தனை பேரை இப்படி ஒளிச்சு வெச்சிருக்கீங்க? நான் போய் அத்தனையும் பிரிச்சுப் பாக்கறேன்."

விடுவிடுவென்று படியேறினான். அவள் பின்னாலேயே ஓடினாள். "மெதுவா, மெதுவாங்க" என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. கோபத்தில் முதல் மாடி வரை தடதடவென்று போனான். அதற்கு மேல் சத்தம் குறைந்தது. இரண்டாம் மாடிக்கு அவள் வந்து சேர்ந்தபோது அவன் படியில் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை, ஒரு கை நெஞ்சுச் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

அவளை நிமிர்ந்து பார்த்தான். சின்னப் பிள்ளை போலிருந்தது அந்தப் பார்வை.

"செருப்பு வார் அறுந்துடுச்சு" என்றான்.

எத்தனை நாள் சண்டை, எத்தனை நாள் புலம்பல். எல்லாவற்றையும் அந்த இடத்தில் அவன் தலையில் கொட்டியிருக்கலாம். அவள் குனிந்து அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்தாள்.

"ஆமாங்க, அறுந்துடுச்சு. வாங்க, தெச்சுட்டு வந்துடலாம்."

அவன் மறுபேச்சில்லாமல் எழுந்தான். ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை அவள் தோளிலும் வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினான். அதற்குள் கிழவர் தெருவில் நின்று ஒரு டாக்ஸியை மடக்கியிருந்தார். யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்தப் படத்தைக் கையோடு எடுத்துவந்திருந்தார். சிக்னலில் வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் அவளுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. கணவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். அவள் விரலை மட்டும் இறுகப் பிடித்திருந்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததுமே டாக்டரம்மா அவனைப் படுக்கவைத்துவிட்டாள். நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் கோடு போட்ட காகிதத்தைத் துப்பியது. டாக்டரம்மா அதைப் பார்த்தாள், அருகில் நின்ற நர்ஸிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள், ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். எல்லாம் கடகடவென்று நடந்தது. நடுவில் அதே கேள்வியைக் கேட்டாள்.

"குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருந்திருக்கா?"

கணவன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். "எங்க குடும்பத்துல..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் போக முடியாமல் நிறுத்தினான்.

"இருக்கு டாக்டர்" என்றார் கிழவர்.

கதவோரம் நின்றுகொண்டிருந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார்.

"எங்க அண்ணன், நாப்பத்தெட்டு. எங்க தம்பி, அம்பத்தஞ்சு."

"சித்தப்பா விபத்துலதானே..." என்றான் கணவன்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கறப்பவே நெஞ்சு நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் வண்டி போய் மோதிச்சு. நான் வெளிய சொல்லல." கிழவரின் குரல் கம்மியது. அவர் சட்டைப் பையில் கைவிட்டுத் தகர டப்பியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இன்னொருத்தரும் இருக்கார். என்னையும் எழுதிக்கோங்க."

டாக்டரம்மா டப்பியைத் திறந்து ஒன்றை எடுத்து விளக்கில் பார்த்தாள். "இது இதயத்துக்கு சாப்பிடற மாத்திரையாச்சே. எவ்வளவு காலமா எடுக்கறீங்க?"

"தம்பி போனதுலேர்ந்து. அப்ப எனக்கு அறுபது. அவனை அடக்கம் பண்ணிட்டு வந்து, யாருக்கும் தெரியாம ஒரு டாக்டரைப் பாத்தேன். எனக்கும் இருக்குன்னாரு. சிகரெட்டை விட்டேன். உப்பை விட்டேன். படியேற ஆரம்பிச்சேன். மாசா மாசம் போய்க் காட்டிக்கிட்டு வர்றேன்."

அவளுக்கு எல்லாம் விளங்கியது. அந்தச் சிநேகிதர்! பேத்தி தரையில் புரண்டு கேட்ட மிட்டாய்! தொண்ணூற்று நான்கு வயதை ரத்தம் கொடுத்தது என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டிருக்க, இந்த மனுஷன் அதைக் கால் வயிற்றுச் சாப்பாட்டிலும் படிக்கட்டிலும் ஒளித்துவைத்த மாத்திரையிலும் சிறுகச் சிறுகச் சேர்த்திருக்கிறார். சேர்த்ததை மகனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிக் காத்திருக்கிறார். அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"ஏன் மாமா சொல்லல?" என்றாள்.

"எங்க அப்பா அப்ப உசுரோட இருந்தாரு. மூணாவது புள்ளையும் இப்படின்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் போனதுக்கப்புறம் சொல்லலாம்னா, இவன் ஆணி அடிச்சு வெச்சுக்கிட்டுச் சிரிக்கறான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரல. தப்புதான்ம்மா. பெரிய தப்பு."

கணவன் படுத்தவாக்கில் டப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"அப்ப இது மிட்டாய் இல்லையாப்பா?"

கிழவர் குனிந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மகனின் முகத்தை நேராகப் பார்த்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னாள். "அடைப்பு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில இன்னிக்கே சரி பண்ணிடுவாங்க. உங்க பொண்ணையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. அப்பா ரத்தம் இல்லையா?"

அந்த வார்த்தையை அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள்! இத்தனை நாள் மகளுக்குக் கவசம் போலிருந்தது, இப்போது அதுவே ஆபத்தாகிவிட்டது. போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடினாள். விரல் வேறு எங்கோ போய் விழுந்துகொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது கணவன் பாக்கெட்டைத் தடவிக் கடைச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"கடையைப் பூட்டிடு. சாவிய..." என்று தயங்கினான். "அந்த ஆணியில மாட்டாதே. அதைப் புடுங்கிப் போட்டுடு."

"எதுக்குப் புடுங்கணும்?" என்றாள் அவள். மேசையிலிருந்த படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "அதுல உங்க பெரியப்பாவை மாட்டிடறேன். நீங்க சுவத்துல வேணாம். வீட்டுல இருங்க."